கோர்ஸ் தாத்தாவின் ஃபோர்க்லிஃப்ட் படை

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் இருக்கிற எங்கள் இறால் கம்பனியில், கோர்ஸ் தாத்தாவிடம் பயிற்சி பெறாமல் தப்பியவர் என்று ஒருவரும் கிடையாது. ஐஸ் கொண்டுவரும் லொறிச் சாரதி தப்பவில்லை. வாசலில் கச்சான் கடலை விற்கிறவர் தப்பவில்லை. கன்டீனுக்குப் பின்னால் மீன் தலைக்காகக் காத்துக்கிடக்கும் வெள்ளைப் பூனை, சுகாதாரப் பயிற்சி நடந்த வாரத்துக்குப் பிறகு தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துதான் காத்துக்கிடந்தது. நான் கண்ணால் கண்டேன். நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கட்டும்.

முதலில் அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. இது தெரியாமல் அவதிப்பட்டவர் ஒருவர் உண்டு. தலைமை அலுவலகம் வாங்கியிருந்த பயிற்சிச் செயலியை விளங்கப்படுத்த, சென்னையிலிருந்து ஓர் இளைஞர் வீடியோ அழைப்பில் வந்தார். “கொஞ்சம் இருங்க, எங்கட தாத்தா வாறா” என்றேன். அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். முப்பது வயது தாண்டிய ஒரு பெண் வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததும் மரியாதையாகக் கேட்டார்.

“மேடம், தாத்தா எப்ப வருவாருங்க?”

“நான்தான் தாத்தா. நீங்க சொல்லுங்க.”

திரையில் அவர் முகம் அப்படியே உறைந்து நின்றது. சிக்னல் போனதா, அதிர்ச்சியா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கோர்ஸ் என்ற பாதிப் பெயர் அகதி முகாமில் வந்தது. அவருடைய உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்தவர்கள். இவர் பிறந்தது ஓலைக் குடிசையில். முகாமில் தண்ணீருக்கு வரிசை, அரிசிக்கு வரிசை. தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது பயிற்சி மட்டும்தான். யார் யாரோ வந்தார்கள், யார் யாருக்கோ எதை எதையோ கற்றுக்கொடுத்தார்கள், போனார்கள். அவருடைய உம்மா மெழுகுதிரி செய்வதை வெவ்வேறு ஆட்களிடம் திரும்பத் திரும்பப் படித்தார். ஒவ்வொரு முறையும் மெழுகுதிரி நன்றாகவே எரிந்தது. வாங்கத்தான் ஆளில்லை. இவர் தையல், முதலுதவி, தலைமைத்துவம், கம்பியூட்டர் எல்லாம் படித்தார். காளான் வளர்ப்பை இரண்டு தரம் படித்தார். முதல் தரம் கொடுத்த புரியாணி நன்றாக இருந்ததுதான் காரணம் என்று அவரே சொல்லுவார்.

அதனால் அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. யார் எந்தப் பயிற்சியைப் பற்றிப் பேசினாலும் இடையில் புகுந்து அதைச் சொல்லுவார்.

“கோர்ஸ் முடிஞ்சா வேலை இரிக்கோணும். வேலை இல்லாட்டி அது கோர்ஸ் இல்ல, பகல் சாப்பாடு.”

நான் அப்போது சம்பளப் பிரிவில் எழுதுவினைஞர். கம்பனியில் புதிதாகப் பயிற்சி அதிகாரி என்று ஒரு பதவி வந்ததும், இடம் போதாமல் அவருடைய மேசையை என் அறைக்குள் தள்ளிவிட்டார்கள். வருடத்துக்கு ஓரிரு முறை எல்லோரையும் கூட்டி, விதிகளை வாசித்து, கையெழுத்து வாங்கினால் போதும் என்பதுதான் கம்பனியின் எதிர்பார்ப்பு. வெளிநாட்டில் இறால் வாங்குகிறவர்கள் கேட்டால் காட்ட வேண்டுமே! கோர்ஸ் தாத்தாவோ அந்தப் பதவியைக் கம்பனி நினைத்ததைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டார். பயிற்சி உலகத்தில் எங்கே எந்தப் புதுமை தலைகாட்டினாலும் அடுத்த கிழமை அது எங்கள் இறால் மேசையில் வந்து குந்தியிருக்கும்.

“இப்ப உலகத்துல ஒருத்தரும் மணித்தியாலக் கணக்கா வகுப்பு எடுக்கிறல்ல புள்ள. எல்லாம் சின்னச் சின்னப் பாடம்” என்று ஒருநாள் சொல்லிவிட்டு ஃபோனை எடுத்து வாட்ஸ்அப்பில் குரல் பாடம் பதியத் தொடங்கினார். “அஸ்ஸலாமு அலைக்கும் புள்ளைகளே, இண்டைக்குக் கையைப் பத்திக் கதைப்பம்” என்று ஆரம்பித்து, தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவார். பின்னணியில் எப்போதும் ஏதாவது ஒரு சத்தம் இருக்கும். மீன்காரரின் ஹோர்ன் இருக்கும், மழை இருக்கும், கை கழுவும் பாடத்தில் என்னுடைய தும்மல் இருக்கிறது.

இறால் தோல் உரிக்கும் பெண்கள் வீட்டில் சோறு வடித்துக்கொண்டே அதைக் கேட்பார்கள். வீட்டில் ஃபோன் ஒன்று, காதுகள் பல. கண்டக்குழி சபியா மாமிதான் தோல் உரிக்கும் பிரிவில் மூத்தவர். அவருடைய கணவர் கடலுக்குப் போகிறவர். ஒருநாள் அவர் சாப்பாட்டுப் பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டு, “விரல் இடுக்கெல்லாம் கழுவினியா? கோர்ஸ் தாத்தா சொல்லிரிக்கா” என்று கேட்டாராம். மறுநாள் காலை சபியா மாமி எங்கள் அறைக்குள் சண்டைக்கு வந்தார்.

“பாடம் எங்களுக்கா, எங்கட மனிசன்மாருக்கா? முப்பது வருசம் என்ட கையால திண்ட மனிசன் இப்ப கையப் பாக்குறாரு!”

கோர்ஸ் தாத்தாவுக்கு அன்றைக்குப் பெருநாள் சந்தோஷம். ‘தொழிலாளர் குடும்பத்தினரும் பயன்பெற்றுள்ளனர்’ என்று கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினார்.

அடுத்தது நட்சத்திரம். விளையாட்டுப் போலப் படிப்பித்தால் பெரியவர்களும் படிப்பார்கள் என்று எங்கோ பார்த்துவிட்டு, பிழையில்லாமல் வேலை செய்கிறவர்களின் தொப்பியில் மினுங்கும் நட்சத்திரம் ஒட்டத் தொடங்கினார். பேரப்பிள்ளை கண்டவர்கள் நட்சத்திரத்துக்காக முகம் திருப்பிக்கொண்டார்கள். தோல் உரிப்பவர்களும் பொதி செய்பவர்களும் ஒரே மேசையில் சாப்பிட மறுத்தார்கள். கடைசியில் ஒருநாள் நாங்கள் மஹத்தயா என்று மரியாதையாகக் கூப்பிடும் எங்கள் மெனேஜர், குருநாகல் பக்கத்துச் சிங்களவர், நல்ல மனிதர், கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“தாத்தா, எனக்கி மட்டும் ஏன் ஸ்டார் இல்ல?”

“சேர் நேத்து தொப்பி இல்லாம உள்ளுக்கு வந்தீங்க.”

அவர் தலையைத் தடவிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிழமை முழுக்கத் தொப்பியோடுதான் திரிந்தார், அலுவலகத்துக்குள்ளும்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. தோல் உரிக்கும் இயந்திரம் ஒன்று கப்பலில் வருகிறது. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு கையால் தோல் உரிக்கும் பிரிவு மூடப்படும்.

அந்தப் பிரிவில் இருந்தவர்கள் கண்டக்குழி, பள்ளிவாசல்துறை, நுரைச்சோலைப் பெண்கள். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அவர்கள் வீட்டில் அடுப்பெரித்தது அந்தச் சம்பளம். அவர்களை ஆறுதல்படுத்த, தலைமை அலுவலகம் ஒரு பயிற்சியாளரை அனுப்பி வைத்தது. அவர் குளிரூட்டிய மண்டபத்தில், மாற்றத்துக்குப் பயப்படாதீர்கள் என்று படம் காட்டிப் பேசினார். எல்லோருக்கும் ஒரு பிஸ்கட் பக்கற், ஒரு சான்றிதழ். வெளியே வந்த சபியா மாமி சான்றிதழால் விசிறிக்கொண்டு கேட்டார்.

“பயப்படல்ல. நாளைக்கு எங்க வேலைக்குப் போற?”

கோர்ஸ் தாத்தாவின் முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை. நேராக மெனேஜர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சம்பளப் பட்டியலில் கையெழுத்து வாங்க என்று சொல்லிக்கொண்டுதான் போனேன். உண்மையில் வேடிக்கை பார்க்க.

“சேர், புது மெஷின் வந்தா அதப் பாக்க ஆள் வேணுந்தானே?”

“வேணும்.”

“புதுசாக் கட்டுற குளிர்க்களஞ்சியத்துல பெட்டி தூக்குற ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட?”

“அதுக்கு லைசன் உள்ள பையன்கள வெளியில இருந்து எடுக்கிறது.”

“எங்கட பொம்பளையளுக்குப் படிப்பிச்சா?”

மெனேஜர் சிரித்தார். கோர்ஸ் தாத்தா சிரிக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் மெனேஜரும் நிறுத்திக்கொண்டார்.

“தாத்தா, கொழும்புல ஒத்துக்கொள்ள மாட்டாங்க. படிப்பிக்கச் செலவும் தரமாட்டாங்க.”

“செலவு வேணாம். சிலாபத்துல லைசன் பரீட்சை நடக்குது. பாஸ் பண்ணினா வேலை தருவீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

மெனேஜர் மேசையில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நோன்புக்கு முன்னுக்குப் பாஸ் பண்ணினா, தாறேன்” என்றார்.

மெஷின் பார்க்கும் வேலைக்கும் பரிசோதனை அறைக்கும் ஆட்களைப் பழக்குவது கஷ்டமாக இருக்கவில்லை. இறாலை அவர்களுக்குத் தெரியும், இறாலுக்கும் அவர்களைத் தெரியும். ஃபோர்க்லிஃப்ட்தான் பெரும்பாடு. சைக்கிள்கூட ஓட்டாத பெண்கள் அவர்கள். அப்போதுதான் களஞ்சிய மூலையில் ஒரு பெட்டி கிடந்தது கோர்ஸ் தாத்தாவுக்கு நினைவு வந்தது. தலைமை அலுவலகம் கண்காட்சிக்காக வாங்கி, பிறகு எங்களிடம் தள்ளிவிட்ட கண்ணாடி அது. கண்ணை முழுக்க மூடி மாட்டிக்கொண்டால் ஒரு பெரிய களஞ்சியத்துக்குள் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். கையிலுள்ள பிடியை அசைத்தால் வண்டி ஓடும். இடித்தால் பெட்டிகள் சரியும். ஆனால் உண்மையில் ஒன்றும் உடையாது.

பரிசோதிக்க முதலில் தானே மாட்டினார். வண்டி ஒரு வளைவு திரும்புவதற்குள் கழற்றி எறிந்துவிட்டு வாளியைத் தேடி ஓடினார். தலைசுற்று. பஸ்ஸில் முன் ஆசனம் கிடைக்காவிட்டாலே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருகிறவர் அவர். அதன் பிறகு அந்தக் கண்ணாடிப் பக்கமே போகவில்லை. ஆனால் முழுப் பாடத்தையும் அவர்தான் நடத்தினார், பக்கத்தில் வாளியோடு.

முதலில் உட்கார்ந்தவர் சபியா மாமி. பர்தாவுக்கு மேல் கண்ணாடி நிற்காமல் வழுக்கியது. கோர்ஸ் தாத்தா பழைய தையல் கோர்ஸை நினைத்து ஒரு பட்டி தைத்துக் கட்டினார். மாமி பிஸ்மி சொல்லி வண்டியை எடுத்தார். நாங்கள் சுற்றி நின்று, வெறும் காற்றில் அவர் கை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ஓர் அலறல்.

“யா அல்லாஹ்! ஆளொண்டு! ஆளொண்டு வந்திட்டான்!”

கதிரையிலிருந்து எழும்பி, பக்கத்திலிருந்த தண்ணீர் வடிகட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்குள் நடந்துபோன ஒரு தொழிலாளியை இடித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றியதும் மாமி கேட்டார்.

“அந்த மனிசன் மௌத்தாயிட்டானா? புள்ளகுட்டி இரிக்குமே!”

“மாமி, அது படம்.”

“படமெண்டா? தொப்பி போட்டிருந்தான். என்னத் திரும்பிப் பாத்தான்.”

அதன் பிறகு மாமி கண்ணாடியைத் தொட மறுத்துவிட்டார். மனிதனைக் கொன்ற கையால் இனி வண்டி பிடிப்பதில்லை என்று ஒரே பிடிவாதம். மற்றப் பெண்களும் தயங்கினார்கள். மாமி செய்யாததை அவர்கள் செய்ய மாட்டார்கள். கோர்ஸ் தாத்தா அவரோடு கன்டீனில் உட்கார்ந்து, பாணையும் பருப்பையும் முன்னால் வைத்துக்கொண்டு, மிகப் பொறுமையாகச் சொன்னார்.

“மாமி, அவன்ட வேலையே அதுதான். ஒவ்வொரு நாளும் ஆரோ ஒருத்தர் இடிப்பாங்க, அவன் எழும்பி வருவான். நீங்க நல்லா ஓட்டப் பழகினாத்தான் அவனுக்கு ஓய்வு.”

மாமி பாணைப் பருப்பில் தோய்த்துச் சாப்பிட்டு முடித்தார். அடுத்த நாள் வந்து உட்கார்ந்தார். “மகன், விலகி நில்லு” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். அந்த மனிதன் மேல் பிறகு ஒருநாளும் முட்டவில்லை. பெட்டி அடுக்கியிருந்த தட்டுகள் மேல் முட்டினார், அது வேறு கதை.

கண்ணாடி போதாது, உண்மையான வண்டியும் வேண்டும். கம்பனியில் பழைய ஃபோர்க்லிஃப்ட் ஒன்று இருந்தது. அதை ஓட்டியவர் அந்தோனி அண்ணன். அவரிடம் போய்க் கேட்டபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“இவையளுக்குப் பழக்கிப்போட்டு நான் எங்க போறது, பிள்ளை?”

“நீங்க எங்கயும் போறல்ல அண்ணன். இனி நீங்க டிரைவர் இல்ல, பயிற்றுநர். ஆரையாவது பழக்கிறவரத்தான் கம்பனி கடைசி வரைக்கும் வச்சிரிக்கும்.”

பயிற்றுநர் என்ற சொல்லை அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்ததை நான் கண்டேன். மறுநாள் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கடுத்த கிழமை கழுத்தில் டை. கடல் காற்று அதை அடிக்கடி அவர் முகத்தில் அறைந்தது. அவர் கழற்றவில்லை. வேலை முடிந்த பிறகு முற்றத்தில் வெற்றுப் பீப்பாய்களை அடுக்கி, “மெல்ல, மெல்ல, அது கலியாணப் பொம்பிளை, மாட்டு வண்டி இல்லை” என்று கத்திக் கத்திப் பழக்கினார்.

சிலாபத்துக்குப் போன காலையில் பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உதடுகள் மட்டும் ஓதிக்கொண்டிருந்தன. எழுத்துப் பரீட்சை கம்பியூட்டரில். தமிழில் எழுதலாம் என்றார்கள். அந்தத் தமிழைக் கண்டு நான் பயந்துபோனேன். ஃபோர்க்லிஃப்டுக்குப் பாரந்தூக்கியாம். எங்கள் பெண்கள் பயப்படவில்லை. ‘பாரந்தூக்கி எண்டா வேறொண்டும் இல்ல புள்ளைகளே, எங்கட அந்தோனி அண்ணன்ட வண்டிதான்’ என்று கோர்ஸ் தாத்தா முன்பே குரல் பாடம் அனுப்பியிருந்தார்.

எழுத்தில் ஒருவர் தவறினார். செய்முறையில் இன்னொருவர். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தேறிக்கொண்டு வந்தார்கள். கடைசியாக சபியா மாமியின் முறை. கோர்ஸ் தாத்தாவால் பார்க்க முடியவில்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டி, மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ பாத்துச் சொல்லு புள்ள.”

கிரிக்கெட் வர்ணனைபோல நான் சொல்லத் தொடங்கினேன்.

“மாமி ஏறிட்டா.”

“பெல்ட்?”

“போட்டுட்டா.”

“ஹோர்ன்?”

அதற்கு நான் பதில் சொல்லத் தேவைப்படவில்லை. சிலாபம் முழுக்கக் கேட்டது.

“போறா. நேராப் போறா. தூக்கிட்டா. திரும்புறா...” அந்த நேரத்தில் ஒரு பீப்பாய் சரிந்து உருண்டது.

“என்ன சத்தம் அது?”

“ஒண்டும் இல்ல.”

“பொய் சொல்லாத!”

மாமி வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், பீப்பாயைத் தானே நிமிர்த்தி வைத்தார். அதைத் தட்டியும் கொடுத்தார். பரீட்சகர் ஒரு சிங்கள ஐயா. காலையிலிருந்து சிரிக்காதவர் சிரித்துவிட்டார். ஒருமுறை தவறினால் இன்னொருமுறை ஓட்டலாம் என்பது அங்கே விதி. மாமி திரும்ப ஏறினார்.

“பின்னுக்கு எடுக்கிறாவா?”

“எடுக்கிறா.”

“திரும்பிப் பாக்குறாவா?”

“ரெண்டு பக்கமும் பாக்குறா. வானத்தையும் பாக்குறா.”

வண்டி கோட்டுக்குள் வந்து நின்றது. பரீட்சகர் தலையை ஆட்டினார். மைதானத்தின் ஓரத்தில் அந்தோனி அண்ணன் டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினார்.

“பாஸ் தாத்தா, பாஸ்!”

அவர் உடனே திரும்பவில்லை. மதிலைப் பார்த்தபடியே நின்றார். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதிகாரி முகத்தோடு திரும்பினார்.

“பின்னுக்கு எடுக்கக்குள்ள வேகம் கூடிப் போச்சு. சத்தத்துலயே விளங்கிச்சு. அடுத்த பாடத்துல சொல்லோணும்.”

பிறகு மெனேஜருக்கு ஃபோன் எடுத்தார். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு எல்லோர் நடுவிலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சேர், ரெண்டு பேரத் தவிர எல்லாரும் பாஸ்.”

“சபியா மாமியுமா?” என்றார் மெனேஜர்.

“மாமியும்.”

“அப்ப சரி. வேலை இரிக்கி. அந்த ரெண்டு பேரும் திரும்ப எழுதட்டும்.”

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். தோல் உரிக்கும் பிரிவிலிருந்து சிலர் பரீட்சைக்கு முன்பே வேலையை விட்டுவிட்டார்கள். ஒருவர் குவைத்துக்குப் போனார், ஒருவர் கருவாடு காயப்போடும் வாடியில் சேர்ந்தார். அவர்களை நினைத்துக் கோர்ஸ் தாத்தா இன்றும் பெருமூச்சு விடுகிறார். ஆனால் இன்றைக்கு அந்தக் கம்பனிக்குப் போனால், குளிர்க்களஞ்சியத்துக்குள் தடித்த ஜக்கற் போட்டுக்கொண்டு பெட்டிகளை ஏற்றி இறக்குவது கண்டக்குழிப் பெண்கள். வேறு கம்பனிகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குச் சபியா மாமி விளக்கம் சொல்லுவார். எங்கள் ஊர்ப் பெண்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்கள் என்று நான் கொழும்பில் சொல்லாத இடமில்லை. கேட்டவர்கள் அலுத்துப்போனார்கள், எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஆனால் கோர்ஸ் தாத்தா என்றதும் என் கண்ணுக்குள் வருவது சிலாபத்திலிருந்து திரும்பி வந்த அந்த அந்திப்பொழுதுதான். பஸ்ஸுக்குள் ஒரே கும்மாளம். கைதட்டு, பாட்டு, அந்தோனி அண்ணனின் டையை யாரோ ஜன்னலில் கொடிபோலக் கட்டியிருந்தார்கள். பாலாவியில் திரும்பும்போது என் தோளில் பாரம் விழுந்தது. பக்கத்தில் இருந்த கோர்ஸ் தாத்தா வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார். முன் ஆசனத்திலிருந்து திரும்பிப் பார்த்த சபியா மாமி, வாயில் விரலை வைத்து எல்லோருக்கும் காட்டினார். பாட்டு நின்றது. சாரதி ரேடியோவை மூடினார். நுரைச்சோலை தாண்டியது. கற்பிட்டியில் இருக்கிற அவருடைய வீட்டுக்கு இன்னும் தூரம் இருந்தது. கண்டக்குழிச் சந்தி வந்தது. அங்கே இறங்க வேண்டியவர்கள்தான் பஸ்ஸில் பாதிப்பேர். ஒருவரும் எழும்பவில்லை. அந்த பஸ்ஸின் கதவு திறக்கும்போது பெரிய சத்தம் போடும்.